மூக்குள்ள குளவி

சுன்னாகத்துச் சனத்துக்கு மூக்கு இருக்கிறது. அதை நிரூபிக்க உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டி வந்தது. கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மணக்கிறது என்று ஊர் கத்தியபோது, மணக்கிறதா இல்லையா என்று முகர்ந்து பார்க்கக் குழு போட்டார்கள். ஒரு அறிக்கை இன்னொரு அறிக்கையோடு மல்லுக்கட்டியது. அதுவரைக்கும் சனம் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றது. கடைசியில் 2019 ஏப்ரலில்தான், அங்கே மின் உற்பத்தி செய்த நொதேர்ண் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கப்பியில் வாளி மேலே வந்த கையோடு ஒரு கிழவிக்கு விளங்கிய விஷயம் அரசாங்கத்துக்கு விளங்க இத்தனை வருஷம்.

அதே ஊரில், அதே செம்மண்ணில், இன்னொரு கூட்டமும் மணத்தாலேயே முறைப்பாடு கொடுத்துக்கொண்டிருக்கிறது. மாமரம், பப்பாசி, சோளன், மரவள்ளி, புகையிலை. நல்லவேளை, அவை கச்சேரிக்கு எழுதுவதில்லை. குளவிக்கு எழுதுகின்றன. ஆகவே பதில் வருகிறது.

கதை இதுதான். புழு இலையைக் கடித்தால் செடி சும்மா நிற்பதில்லை. 1990இல் அமெரிக்காவில் டர்லிங்ஸ், டம்லின்சன், லூயிஸ் என்ற மூவரும் சோளனை வைத்துக் காட்டினார்கள்: புழு கடித்துச் சில மணி நேரத்தில் செடி ஒரு தனி மணத்தை வெளியே விடுகிறது, அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு குளவி வந்து புழுவின் உடம்புக்குள் முட்டையிடுகிறது. பிளேடால் இலையை வெட்டிப் பார்த்தார்கள், அந்த மணம் அவ்வளவாக வரவில்லை. வெட்டிய இடத்தில் புழுவின் எச்சிலைப் பூசினார்கள், வந்தது. கடித்தது யாருடைய வாய் என்று இலைக்குத் தெரிகிறது.

1998இல் டி மொரேஸ் என்ற அம்மையாரும் கூட இருந்தவர்களும் எங்கள் யாழ்ப்பாணத்தானுக்கு நெருக்கமான புகையிலையில் கை வைத்தார்கள். பார்வைக்கு ஒரே அச்சான இரண்டு காய்ப்புழுக்கள். ஒன்று கடித்தால் செடி ஒரு கலவை, மற்றது கடித்தால் வேறு கலவை. குளவிக்கு வேண்டியது முதலாவது புழு மட்டும். அது மணத்தைக் கொண்டே பிரித்தறிந்து சரியான செடிக்குப் போய் இறங்கியது. எங்கள் நாட்டில் ஆள் காணாமற்போனாலும் பத்திரிகைக் காரியாலயம் எரிந்தாலும் அறிக்கையில் எழுதுவது "இனந்தெரியாதோர்" என்றுதான். இரண்டு முழப் புகையிலைச் செடிக்கு அந்தச் சொல் தெரியாது. குற்றவாளியின் பெயரைப் போட்டே முறைப்பாடு எழுதுகிறது. வருகிற குளவியும் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை.

இப்படி வேலை செய்கிற ஒரு நிர்வாகத்தை நாங்கள் உயிரோடு விட்டுவைப்போமா?

வலிகாமத்தின் எந்தச் சந்தியிலும் ஒரு மருந்துக்கடை இருக்கும். தோட்டக்காரர் வாடிய இலை ஒன்றையோ அழுகிய மாங்காயையோ பொலித்தீன் பையில் கொண்டுவந்து மேசையில் வைப்பார். அதற்குப் பிறகு நடக்கும் வைத்தியத்தைக் கேளுங்கள்.

"அண்ணை, மாங்காய் முழுக்கப் புழுக்குது."

"எத்தினை மரம்?"

"நாலு."

"இதையும் இதையும் கலந்து அடியுங்கோ. அடுத்த கிழமை திரும்ப ஒருக்கா அடியுங்கோ."

மரக்கணக்கைத் தவிர வேறு கேள்வி இல்லை. பையைக்கூட அவிழ்க்கவில்லை. என்ன பூச்சி, எந்தப் பருவம், அடித்து எத்தனை நாள் கழித்துக் காய் பிடுங்கலாம், ஒன்றும் இல்லை. இதற்குப் பெயர் ஆலோசனை. போத்தலின் ஒட்டுத்தாளில் இருக்கிற மண்டையோட்டை வாசிக்க எழுத்தறிவு தேவையில்லை என்பதால் அதை மட்டும் எல்லோரும் வாசித்திருக்கிறார்கள்.

சரி, பையை நாங்கள் அவிழ்ப்போம். உள்ளே இருப்பது பழ ஈயின் வேலை. பெண் ஈ முற்றுகிற மாங்காயின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும். வெளியே ஒரு ஊசிப்பொட்டு, சிலவேளை ஒரு துளி பால். அவ்வளவுதான் அடையாளம். ஓரிரு நாளில் முட்டை பொரிக்கும். வெள்ளைப் புழுக்கள் சதையைக் கூழாக்கும். காய் விழும். விழுந்த பழத்தைப் பிளந்து சீமெந்துத் தரையில் போட்டுப் பாருங்கள்: புழு வில்லாக வளைந்து துள்ளிப் போகும். அது ஓடுவது மண்ணைத் தேடி. மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, ஒன்றிரண்டு கிழமையில் ஈயாக மேலே வரும். ஒரு பெண் ஈ தன் ஆயுளில் ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும்.

இப்போது மருந்தை அடிக்கிறோம். மருந்து எங்கே போகிறது? இலையில், பட்டையில், தேனீயில், குளவியில், முசுறு எறும்பில், அடிக்கிறவருடைய மூச்சில். மீதி மண்ணுக்குள் இறங்குகிறது. எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், கல்லுக்குள்ளே நாங்கள் குடிக்கிற தண்ணீர். பசளையும் அதே வழியால் இறங்கி, வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிவிட்டது என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொல்லிவிட்டது. இவ்வளவு பேருக்கும் போய்ச் சேர்கிற மருந்து ஒருவருக்கு மட்டும் போய்ச் சேருவதில்லை. செல் விழுந்த காலத்தில் பங்கருக்குள் இருந்த எங்களைப்போலப் புழு பழத்துக்குள் பத்திரமாக இருக்கிறது.

ஆக, காவல்காரனைக் கொன்று கள்ளனைக் காப்பாற்ற மாதா மாதம் காசு கட்டுகிறோம். ரசீதும் தருவதில்லை.

ஈயை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அதை வளர்க்கிற பண்ணைகளைப் பார்ப்போம். சுன்னாகத்திலிருந்து எந்த ஒழுங்கைக்குள் இறங்கினாலும் ஆறடி மதிலும் பூட்டிய கேற்றும் உள்ள வளவு ஒன்றாவது கண்ணில் படும். உள்ளே ஒரு கறுத்தக்கொழும்பான். சொந்தக்காரர் ரொறன்ரோவில். மாம்பழக் காலத்தில் மரம் கடமை தவறாமல் காய்க்கிறது, பழம் கடமை தவறாமல் விழுகிறது. பொறுக்க ஆளில்லை. ஈக்கு இதைவிட நல்ல பிரசவ விடுதி எந்த அரசாங்கமும் கட்டிக் கொடுக்காது. மதிலுக்கு வெளியே, குத்தகைக் காணியில் நாலு மரம் வைத்திருப்பவர் இதற்கும் சேர்த்து மருந்தடிக்கிறார். காணிக்காரர் அங்கே தமிழ்க் கடையில் பெட்டி மாம்பழம் வாங்கி, "எங்கட ஊர்ப் பழத்தின்ர ருசி வராது" என்று படம் போடுகிறார். வரத்தான் வராது. அந்த ருசியை இங்கே புழு தின்றுகொண்டிருக்கிறது.

ஒரு முழ எல்லைக்கு மூன்று தலைமுறை வழக்காடிய சனம் நாங்கள். கதியால் ஒரு சாண் தள்ளியதற்குக் கூடப் பிறந்தவனோடு பேச்சை விட்ட சனம். ஈ அந்த மதிலுக்கு மேலால் உறுதியும் இல்லாமல் வரைபடமும் இல்லாமல் போய்வருகிறது. தனித்தனி வளவாகப் போராடினால் ஒருபோதும் வெல்ல முடியாத பூச்சி இது. ஊரோடு சேர்ந்து செய்தால்தான் அடங்கும். ஊரோடு சேர்ந்து நாங்கள் கடைசியாகச் செய்த காரியம் எது என்று யோசிக்கிறேன். தேர்த் திருவிழா. அதிலும் ஒலிபெருக்கி யாருடையது என்று சண்டை.

ஆனால் இந்த ஈயால் எங்களுக்கு உலகப் புகழ் கிடைத்தது. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. 2003இல் கென்யாவில் புது ஈ ஒன்று மாம்பழத்தில் தென்பட்டது. ஆபிரிக்காவில் அதற்கு முன் அப்படி ஒன்றைக் கண்டவர் இல்லை. எங்கிருந்து வந்தது என்று தேடியவர்கள் இலங்கையில் பிடித்த ஈக்களோடு வைத்துப் பார்த்தார்கள், ஒத்துப்போனது. 2005இல் இலங்கைக்கும் ஆபிரிக்காவுக்கும் பொதுவான புது இனம் என்று பெயரிட்டார்கள். "படையெடுப்பவன்" என்று பொருள்படும் லத்தீன் பெயர். பத்து வருஷம் கழித்து, இது புது இனமல்ல, ஆசியாவில் பழசாக இருக்கிற கீழைத்தேயப் பழ ஈதான் என்று முடிவானது. வந்தேறி வந்தேறி என்று ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே காலம் தள்ளுகிற இந்தத் தீவிலிருந்து போனதாகச் சொல்லப்பட்ட ஒரு வந்தேறி, சில வருஷத்துக்குள் ஆபிரிக்காவின் மாம்பழத் தோட்டங்களைப் பிடித்துக்கொண்டது. வாணிப அமைச்சு கொண்டாடாமல் விட்ட ஏற்றுமதி.

அங்கே என்ன செய்தார்கள்? பெனின் நாட்டில் பராக்கு என்ற ஊரைச் சுற்றியுள்ள மாந்தோப்புகளில் 2005இல் எண்ணிப் பார்த்தார்கள். முசுறு இல்லாத தோப்பில் பழ ஈயின் சேதம் 24 வீதம் வரை. முசுறு நிறைந்த தோப்பில் 1 வீதம். எங்கள் முசுறின் ஒன்றுவிட்ட சகோதரம் அது. இலைகளைப் பின்னிக் கூடு கட்டுகிற அதே சிவப்புச் சாதி. அது ஈயைப் பிடித்துத் தின்பதால் மட்டும் அல்ல. எறும்பு நடந்துபோன பழத்தில் விட்டுச் செல்கிற மணத்துக்கே ஈ முட்டையிடத் தயங்குகிறது என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.

நாங்கள் அனுப்பிய ஈயை அவர்கள் எறும்பால் அடக்குகிறார்கள். அந்த எறும்பை நாங்கள் என்ன செய்கிறோம்? கொக்கத்தடியோடு மரத்தில் ஏறுகிறவரைக் கடிக்கிறது என்று கூட்டோடு கொளுத்துகிறோம். முடியாவிட்டால் மருந்து. கடிக்கும்தான். கழுத்தில் ஏறி ஒன்று கடித்தால் நாள் முழுக்க எரியும். பழம் பிடுங்குகிற ஒரு மணித்தியாலத்துக்காக வருஷம் முழுக்கக் காவல் நிற்கிறவனைக் கொல்வதற்கு அது போதுமான காரணம் என்றால், எங்கள் வளவு நாய்களை எப்போதோ சுட்டிருக்கவேண்டும்.

சீனத்தில் கி.பி. 304 அளவில் எழுதியதாகச் சொல்லப்படுகிற ஒரு நூலில், தோடை மரங்களைக் காப்பாற்ற இந்த எறும்புக் கூடுகளைப் பையில் கட்டிச் சந்தையில் விற்றதாக இருக்கிறது. சுன்னாகச் சந்தைக்கு யாராவது அப்படிக் கூடு கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நூறு முசுறுக்குப் பத்தைக் கழிவு என்று வெட்டிவிட்டுத் தொண்ணூறுக்குக் காசு தருவார்கள். விளைவித்தவனிடம் கிலோக்கணக்கில் கழிவு வெட்டுகிற வழக்கம் வலிகாமத்துச் சந்தைகளில் எத்தனை கூட்டம் போட்டும் சாகாமல் இருக்கிறது. பழ ஈயும் ஒரு பங்கைத்தான் எடுக்கிறது. அதற்கு அடிக்க மருந்து இருக்கிறது, கழிவுக்கு இல்லை.

ஈயின் மூக்கை வைத்தே அதைப் பிடிக்கிற வித்தையும் பழசு. பீகாரில் பூசா என்ற இடத்தில் வேலை பார்த்த ஹவ்லெற் என்ற பூச்சியியலாளர் 1912 அளவில் ஒரு வேடிக்கையைக் கவனித்தார். நுளம்புக்காகக் கைக்குட்டையில் புல்லெண்ணெய் தடவிய ஒருவரைப் பழ ஈக்கள் மொய்த்தன. அத்தனையும் ஆண்கள். பின்னால் அந்த வேலையின் நூலைப் பிடித்துப் போனபோது மெத்தில் யூஜினோல் என்ற பொருள் வெளிப்பட்டது. துளசி இலையிலும் அது இருக்கிறது. ஆண் ஈ அதை நக்கித் தின்று, பெண்ணை மயக்குகிற தன் வாசத்துக்குள் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே அதற்காக உயிரையும் விடும். ஒரு போத்தலுக்குள் பஞ்சில் அதைத் தோய்த்துச் சிறிது நஞ்சு சேர்த்துத் தொங்கவிட்டால் போதும். 1960களின் முற்பகுதியில் பசுபிக்கில் ரோட்டா என்ற தீவில் இந்த ஒரே முறையால் ஈயை முற்றாக ஒழித்தார்கள். முழுத் தீவுக்கும் ஒரே காலத்தில் போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

எங்களிடமும் பொறி இருக்கிறது. அது வழங்கப்படும் அழகே தனி. பதாகை, குத்துவிளக்கு, பிரதம விருந்தினர், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை. கடைசியில் இருபது பேருக்கு இருபது போத்தல். ஒரு போத்தலை ஐந்து பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு படம். இருபது வளவில் பொறி தொங்கினால் சுற்றியிருக்கிற இருநூறு வளவின் ஆண் ஈக்களும் அங்கே வரும், அந்த இருநூறு வளவில் மிஞ்சுகிற நாலைந்து ஆண்கள் எல்லாப் பெண்களுக்கும் போதும் என்பதை விழாவில் யாரும் சொல்வதில்லை. பஞ்சு காய்ந்த பிறகு மாற்ற வருவதற்கு நிதி ஒதுக்கீடு இல்லை. படத்துக்கு ஒதுக்கீடு எப்போதும் இருக்கிறது.

இந்த நாட்டால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். முடிந்திருக்கிறது. 2008இல் கம்பஹா, கொழும்புப் பக்கம் பப்பாசியில் மெழுகு பூசியதுபோல் வெள்ளையாக அப்பிக்கொண்டு ஒரு வெண்மூட்டுப்பூச்சி வந்தது. மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து ஆள். அடித்த மருந்து மெழுகில் வழுக்கி விழுந்தது. 2009இல் அதன் சொந்த ஊர் எதிரியைக் கொண்டுவந்தார்கள்: அசெரோஃபேகஸ் பப்பாயே என்று ஒரு குளவி, ஊசிக் காதுக்குள் நுழைகிற உடம்பு. விட்டார்கள், அது தேடிப்போனது, அடக்கியது. அதே பூச்சி 2008இல் கோயம்புத்தூரிலும் தெரிந்து பப்பாசியோடு மல்பெரியையும் மரவள்ளியையும் தின்றபோது, 2010இல் பெங்களூர் ஆய்வகம் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதே குளவியையும் அதன் இரண்டு கூட்டாளிகளையும் வரவழைத்துத் தமிழ்நாடு முழுக்கப் பரப்பியது. சனம் மருந்தை நிறுத்திய இடத்தில் குளவி வென்றது. நிறுத்தாத இடத்தில் குளவியும் செத்தது. யாழ்ப்பாணத்தானுக்கு ஓமந்தையில் பாஸும் சோதனையும் இருந்த காலம் அது. பூச்சிக்கும் குளவிக்கும் எந்த முகாமிலும் மறியல் இல்லை.

இந்தக் குளவிக்கு எந்தச் சந்தியிலும் சிலை இல்லை. காரணம் எளிது. அதைப் போத்தலில் அடைத்து மாதா மாதம் விற்க முடியாது. ஒருமுறை விட்டால் அதுவே பெருகி, அதுவே தேடி, சம்பளம் கேட்காமல் வேலை செய்யும். தரகுக்காசு வராத தீர்வை எந்த அலுவலகம் அடுத்த வருஷத் திட்டத்தில் சேர்க்கும்?

பிறகு 2021. அந்தக் கூத்தை எப்படி மறப்பது? ஏப்ரலில் அப்போதைய ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச திடீரென்று இயற்கையின் பிள்ளையாகிவிட்டார். இரசாயனப் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் இறக்குமதித் தடை. டொலர் இல்லை என்று சொல்ல வெட்கம். ஆகவே சேதனம் என்றார்கள். மருந்தை நிறுத்தினால் குளவி வேண்டும், பொறி வேண்டும், விழுந்த பழத்தை அள்ள ஆள் வேண்டும், சொல்லிக் கொடுக்க ஒரு விவசாயப் போதனாசிரியராவது ஊருக்கு வேண்டும். இதில் எதையும் தரவில்லை. சீனத்திலிருந்து சேதனப் பசளைக் கப்பல் வந்தது. அதில் கெட்ட பக்றீரியா என்று திருப்பினார்கள். இறக்காத பசளைக்கு 67 இலட்சம் டொலர் கட்டினார்கள். அதற்கு முன்பே, நவம்பரில், தடையைச் சுருட்டிக்கொண்டார்கள். மிஞ்சியது ஒன்றுதான்: இனி இயற்கை முறை என்று வாயெடுத்தால் கமக்காரன் மண்வெட்டியைத் தூக்குவான். குளவிக்கு வந்த கெட்ட பெயர் அந்தக் குளவி செய்த குற்றத்தால் வந்ததல்ல.

இவ்வளவும் சொன்னதற்காகத் தாவரத்தின் மணத்தைப் பற்றி எங்கள் ஊருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கவேண்டாம். ஒரு மணம் நன்றாகத் தெரியும். எதிலீன். பழுக்கிற பழம் தானாகவே விடுகிற வாயு அது. பக்கத்துக் காயையும் பழுக்கச் சொல்கிற சேதி. வாழைக்குலைக்குப் புகை போட்ட எங்கள் பாட்டன்மார் அதைப் பெயர் தெரியாமலே ஆண்டார்கள். பேரன்மார் முன்னேறிவிட்டார்கள். பிஞ்சு மாங்காயைப் பிடுங்கிக் கார்பைட் கல்லோடு மூடி வைத்து, இரவோடிரவாக மஞ்சளாக்கி, "மரத்தில பழுத்தது ஐயா" என்று விற்கிறார்கள். ஏமாற்றுவதற்கென்றால் செடியின் பாஷை முழுக்கத் தெரியும். உதவிக்குக் கூப்பிடும்போது மட்டும் காது கேட்காது.

ஆகவே மாகாண விவசாயத் திணைக்களத்துக்கு ஒன்று கேட்கிறேன்: இந்த வருஷம் பொறி கொடுப்பதென்றால் ஒரு கிராம சேவகர் பிரிவில் எல்லா வளவுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். பஞ்சு மாற்றுகிற திகதியையும் அன்றைக்கே சொல்லுங்கள். குத்துவிளக்கு வேண்டாம். பிரதேச சபைக்கு: குப்பை அள்ளுகிற உழவு இயந்திரத்தில் மாம்பழக் காலத்துக்கு மட்டும் விழுந்த பழத்துக்கென்று ஒரு தொட்டி கட்டுங்கள். ஹவாயில் விழுந்த பழத்தைப் போடக் கூடாரமே தைத்தார்கள். ஈ வெளியேற முடியாமலும் அதன் எதிரியான குளவி மட்டும் வெளியேறும்படியும் வலைக்கண் வைத்து. அந்த வலை நுளம்பு வலையை விடப் பெரிய தொழில்நுட்பம் அல்ல.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிறவருக்கு: உங்கள் வளவுத் திறப்பு யாரிடம் இருக்கிறதோ அவருக்கு இன்றைக்கே தொலைபேசி எடுங்கள். வைகாசி தொடங்கி ஆடி முடியும் வரை கிழமைக்கு இரண்டு தரம் கேற்றைத் திறந்து, விழுந்த பழத்தை எல்லாம் கறுப்புப் பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி, ஒரு கிழமை நல்ல வெயிலில் வைக்கச் சொல்லுங்கள். முசுறுக்கூட்டைத் தொடவேண்டாம் என்றும் சொல்லுங்கள். கூலி நீங்கள் கொடுங்கள்.